காலுக்கேற்ற செருப்பு

சென்ற கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இங்கிலாந்திலுள்ள என் அக்காள் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அக்காவும் அப்பொழுது அங்கேதான் இருந்தாள். கணக்கை இங்கே பூட்டி வைத்தால் அது எனக்கு முன்னால் விமானமேறிப் போய் அங்கே காத்திருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் ஒரு மோட்டார் வண்டியின் டயர் உருவத்தில்!

மருமகன் குடியிருக்கும் ஊர் ஆபிங்டன். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் அமைந்த சிறிய பட்டணம். மோட்டார்ப் பித்துக் கொண்டவர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லவேண்டும். ஏனெனில், 1929 முதல் 1980 வரையில் 'எம்.ஜி.' என்னும் பந்தய ஜாதி வண்டிகள் அங்கேதான் செய்யப்பட்டன. அவற்றுள் 'எம்.ஜி.பி.' என்பது 1962-ல் பிறந்து, 1980-ல் தொழிற்சாலை மூடப்படும் வரையில் 5 லட்சத்துக்கும் மேலாகப் பெருகியது. தொழிற்சாலை மறைந்துவிட்டது; அவ்வண்டிகளின் அபிமானிகள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் தலைமையிடம் மட்டும் இன்றும் அவ்வூரிலேயே இருக்கிறது. அந்த ஊரில் குடியிருந்துகொண்டு அந்த வண்டி ஒன்றை வாங்காமலிருப்பது அபசாரம் என்று மருமகனுக்குத் தோன்றிவிட்டது போலும். 1967-ஆம் வருஷத்து வண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தான். கூரையில்லாத வண்டி, இரண்டே பேர் உட்காரலாம், கம்பிச் சக்கரங்கள் சைக்கிள் சக்கரத்தைப் போலப் பளபளத்தன.

"மாமா, டயரைப் பார்த்தீர்களா? எவ்வளவு அகலம்!" என்றான்.

பார்த்தேன். அகலம்தான். மெலிந்த கால்களுடைய ஒருவன் பெரிய பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது. முன்பு வைத்திருந்தவர் போட்டதாம். அடுத்த வாரம் அந்த வண்டியில் தன் தாயாரை உட்கார வைத்து வேல்ஸ் தேசத்து மலைகளைக் காட்டிவர மருமகன் உத்தேசித்திருந்தான். அக்காவும் தலையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டுத் துணி வாங்கி வைத்திருந்தாள். "திருப்பத்தில் வண்டி கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, பின் மட்கார்டில் எதுவோ உராய்கிற சத்தமும் கேட்கிறது, மற்றப்படி பிரமாதம்" என்றான் அவன். எனக்கு அந்த 'மற்றப்படி'யில் நம்பிக்கை விழவில்லை.

டயரின் விலாவில் 195/60, அப்புறம் 14 என்று எழுதியிருந்தது. இந்த இலக்கங்கள் என்ன சொல்லுகின்றன என்பதை வாசகர்கள் தங்கள் வீட்டு வண்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முதலாவது எண், டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் விலா உயரம் என்பது. கடைசி எண், டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே சொல்லில் ஓர் எண் மில்லிமீட்டரும் மற்றோர் எண் அங்குலமுமாக இருப்பதைப் பார்த்தால், என் வகுப்பில் பூஜ்யம் வாங்கிய பையன் ஒருவன் இந்த முறையைக் கண்டுபிடித்திருப்பானோ என்று சந்தேகம் வரும். ஆயினும் உலகம் முழுவதும் இதுவே வழக்கம்.

வண்டி பிறந்தபோது அதற்கு விதித்த டயர் வேறு. 5.60–14 என்று பழைய பாணியில் குறித்திருந்தார்கள், 5.60 அங்குல அகலம், 14 அங்குல ரிம் என்று பொருள். அது குறுக்கிழை டயர். கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல அதனுள்ளே நூல்கள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும். வேண்டுவோர்க்கு 155–14 என்ற ரேடியல் டயரும் கொடுத்தார்கள். 1965-ல் கூரையுடன் வந்த 'ஜி.டி.' வண்டிக்கு 165–14.

ரேடியல் என்பது பிரெஞ்சுக்காரர்களின் உபகாரம். மிஷெலின் கம்பெனியார் 1946-ல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்று, 1949-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். நம் மாட்டு வண்டிச் சக்கரத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் அதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். குடத்திலிருந்து ஆரக்கால்கள் நேராக வெளியே ஓடுகின்றன. சுற்றிலும் ஓர் இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிக்கிறது. ரேடியல் டயரிலும் நூல்கள் ஆரக்கால் மாதிரி நேர். அவற்றின் மேல் இரும்புக் கம்பியாலோ நூலாலோ ஆன பட்டை. விலா வளைந்து கொடுக்கும். அடிப்பாகம் தரையை விட்டு எளிதில் அகலாது. ஆகவே பிடிப்பு அதிகம், தேய்வு குறைவு. இவ்விரண்டு ஜாதியையும் ஒரே வண்டியில் கலப்பதுதான் ஆபத்து. முன்னே ரேடியலும் பின்னே குறுக்கிழையும் போட்டால், முன்பக்கம் தரையைப் பற்றிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். இங்கிலாந்துச் சட்டமே அதைத் தடுத்திருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். 155 என்ற பழைய டயரில் இரண்டாவது எண் எழுதப்படவில்லை. எழுதாவிட்டால் ஏறக்குறைய 82 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் விலா உயரம் 127 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 254. 14 அங்குல ரிம் 356. ஆக, சக்கரத்தின் முழு உயரம் 610 மில்லிமீட்டர். மருமகனுடைய 195/60 டயருக்கோ விலா 117-தான். முழு உயரம் 590. இருபது மில்லிமீட்டர் குறைகிறது.

இருபது மில்லிமீட்டர் ஒரு பெரிதா என்று கேட்கலாம். வண்டியின் வேகமானி சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுகிறதேயொழிய, தரையைப் பார்த்து எண்ணவில்லை. சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும். உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது கருவி 62 என்று பெருமையடித்துக்கொள்ளும். யந்திரமும் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுதலாகச் சுழன்று இரைச்சலிடும். இவை உயிருக்கு ஆபத்தில்லாத பொய்கள். ஆனால் கணக்கு வாத்தியாருக்குப் பொய் பொய்தானே!

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் விடை கண்டுவிட்டேன். 185/70–14 என்று ஓர் அளவு கடைகளில் கிடைக்கிறது. அதன் முழு உயரம் 615. பழைய 155-ன் உயரம் 610. 165-ன் உயரம் 626. இரண்டுக்கும் நடுவே அழகாக வந்து உட்கார்ந்துகொண்டது! மருமகனைக் கூப்பிட்டு, "இதை வாங்கு" என்று தீர்ப்புச் சொன்னேன். "மாமா என்றால் மாமாதான்" என்றான். அக்கா எனக்கு இரண்டாவது காபி கொடுத்தாள்.

அந்தப் பெருமை மறுநாள் காலை வரையில் நிலைத்தது.

இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவர் இருக்கிறார். இருபது வயதில் எம்.ஜி. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அது மூடப்படும் வரையில் அங்கிருந்தவர். மருமகன் அவரை அழைத்து வந்து என் காகிதத்தைக் காட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிகுந்த மரியாதையுடன் படித்தார். "கூட்டல் சரி" என்றார். பிறகு, "ரிம் எத்தனை அகலம்?" என்று கேட்டார்.

நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இந்த வண்டிகளின் பழைய தகட்டுச் சக்கரத்துக்கு ரிம் அகலம் 4 அங்குலம். கம்பிச் சக்கரத்துக்கு 4½. பின்னால் 1970-ஐ ஒட்டி வந்த சக்கரங்களுக்கு 5. டயர் ஒவ்வொன்றும் இன்ன அகல ரிம்முக்குத்தான் என்று செய்யப்படுகிறது. 165 டயர் 4 அங்குல ரிம்மிலும் சுகமாக உட்காரும். 185/70-க்கு 4½ அங்குலம் கடைசி எல்லை. 195/60-க்கோ 5½ அங்குலமாவது வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரைப் போட்டால் அதன் இரண்டு விலாவும் உள்ளே இழுக்கப்பட்டு, அடிப்பாகம் நடுவில் உப்பிக்கொள்ளும். பலகை போலத் தரையில் படியவேண்டியது பலூன் போல நிற்கும். வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் போகச் சொன்னால், டயர் விலா மறுபக்கம் மடிந்துகொண்டு யோசனை செய்யும். மருமகன் 'முரண்டு' என்று சொன்னது அதுதான். அகலத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அகலத்தின் பலனை ரிம்மிலேயே தொலைத்து நின்றது அந்த வண்டி.

கிழவர் மேலும் சொன்னார். கம்பிச் சக்கரத்தில் ஆரக்கம்பிகளின் முனைகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. ஆகையால் காற்று நிற்பதற்கு உள்ளே ட்யூப் அவசியம். இக்காலத்து டயர்களோ ட்யூப் வேண்டாதவை. அவற்றின் உட்புறத்தில் வரிவரியாகச் சொரசொரப்பு இருக்கும். காகிதச் சீட்டுக்கூட ஒட்டியிருக்கும். அவை ட்யூபை நாளடைவில் அராவித் தின்றுவிடும். விலா குட்டையான டயராயிருந்தால் ட்யூபுக்குத் துன்பம் இன்னும் அதிகம். ஆகவே, ட்யூபுடன் பழகக்கூடிய டயராகக் கேட்டு வாங்கவேண்டும் என்றார். மட்கார்டு உராய்ந்ததற்கும் காரணம் விளங்கிற்று. இந்த வண்டிகளின் பின்பக்கத்தில் இடம் சொற்பம். இரண்டு பேர் உட்கார்ந்து பெட்டியையும் ஏற்றினால் உடல் தாழ்ந்து டயரைத் தொடுகிறது.

அகலமான டயரால் நன்மையே இல்லையா என்று மருமகன் கேட்டான். அது நியாயமான கேள்வி. உலர்ந்த பந்தயச் சாலையில், தக்க ரிம்மும் தக்க வில்லும் அமைந்த வண்டிக்கு நிச்சயமாக உண்டு. இந்த வண்டி சுமார் 920 கிலோகிராம் எடை, குதிரைசக்தி 95, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினால் 103 மைல் போகும். அதன் வில்லும் ஸ்டியரிங்கும் மெல்லிய டயரை உத்தேசித்து அமைக்கப்பட்டவை. ஸ்டியரிங்குக்கு யந்திர உதவி கிடையாது. டயர் அகன்றால் நிற்கும் இடத்தில் திருப்புவதற்கு மல்யுத்தம் செய்யவேண்டும். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில், அகலம் கூடக் கூட டயர் விலக்கித் தள்ளவேண்டிய தண்ணீரும் கூடும். தள்ள முடியாதபோது வண்டி தோணியாகிவிடும். வேல்ஸ் தேசத்தில் மழைக்குப் பஞ்சமில்லை.

இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று குனிந்து டயரின் விலாவைக் கைவிரலால் தடவ ஆரம்பித்தார். அளவு எழுதியிருந்த இடத்தை அல்ல, வேறெங்கோ. ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கங்கள் இருந்தன: 0911.

"இந்த டயர் 2011-ஆம் வருஷத்து 9-ஆம் வாரத்தில் பிறந்தது" என்றார்.

மருமகனுடைய முகம் மாறிற்று. "பட்டன் புதிதாகவே இருக்கிறதே!" என்றான். உண்மைதான். பட்டன் கொஞ்சமும் தேயவில்லை. ஆனால் அதுதான் இந்தப் பழைய வண்டிகளின் விஷயத்தில் பெரிய ஏமாற்று. நாம் தினந்தோறும் ஓட்டும் வண்டியில் டயர் கிழடாவதற்கு முன்பே தேய்ந்து மொட்டையாகிவிடுகிறது. கண்ணால் கண்டு மாற்றிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயிலடித்தால் வெளியே வரும் வண்டியில் டயர் தேய்வதேயில்லை. ஆனால் ரப்பர் சும்மா இருந்தாலும் காற்றாலும் வெயிலாலும் இறுகிக்கொண்டே போகிறது. நூலுக்கும் பட்டைக்கும் உள்ள பிணைப்பு உள்ளுக்குள் தளர்கிறது. வெளிக்குக் குமரி, உள்ளே கிழவி!

2012-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஒரு சங்கீத விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய பஸ் ஒன்று இங்கிலாந்தின் ஸர்ரே மாகாணத்தில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதிற்று. மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயரின் வயது 19-க்கு மேல். பட்டன் சட்டப்படி போதுமானதாகவே இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாயார் பல வருஷம் விடாமல் போராடியதன் பயனாக, 2021 பிப்ரவரி முதல் பஸ், லாரிகளின் முன் சக்கரங்களில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. சொந்தக் கார்களுக்கு அச்சட்டம் இல்லை. அதுமட்டுமல்ல; பெரிதாக மாற்றப்படாத 40 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வருஷாந்தரப் பரிசோதனையிலிருந்தே 2018 முதல் விலக்கு அளித்திருக்கிறார்கள். பழைய பொருளிடம் அபிமானம் நல்லதுதான். ஆனால் யாருக்குப் பரிசோதனை மிகவும் தேவையோ அவருக்கே விலக்கு அளிப்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

பின்னாலிருந்த உபரிச் சக்கரத்தையும் வெளியே எடுத்தோம். அதற்கு நம் ஊரில் ஸ்டெப்னி என்று பெயர். இங்கிலாந்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் லண்டன் நகரத்தின் ஒரு பேட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் வேல்ஸ் தேசத்திலுள்ள லானெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னி வீதியிலிருந்து வந்தது. 1904-ஐ ஒட்டி அங்கேதான் உபரிச் சக்கரம் செய்து உலகெங்கும் விற்றார்கள். பிறந்த தேசத்தார் மறந்துவிட்ட பெயரை நம் லாரிக்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஸ்டெப்னியில் 165–14 டயர் இருந்தது. மிகச் சரியான அளவு! மருமகன் ஒரு கணம் மகிழ்ந்தான். கிழவர் மறுபடியும் விலாவைத் தடவினார். பிறந்த நாள் குறியில் மூன்றே இலக்கங்கள். நாலு இலக்கம் போடும் வழக்கம் 2000-ல்தான் வந்தது. மூன்று இலக்கம் என்றால் சென்ற நூற்றாண்டு. ஒரு நாளும் தரையைத் தொடாத டயர்; பட்டன்களின் மேல் அச்சு மயிர்கூட உதிரவில்லை. வழியில் ஒரு டயர் வெடித்திருந்தால் இதைத்தான் மாட்டிக்கொண்டு, "நல்ல வேளை, சரியான அளவில் ஒன்று இருந்தது" என்று சொல்லிக்கொண்டே அக்காவை மலைமேல் ஏற்றியிருப்பான்.

அக்கா இவ்வளவையும் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏண்டா, போன வாரம் இதிலேதானே என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனாய்?" என்று மட்டும் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கே தீர்மானம் செய்தோம். 165–14 ரேடியல், ஐந்தும் புதிது, ஐந்துக்கும் புது ட்யூப். என் 185/70 தள்ளுபடியாயிற்று. 5 அங்குல ரிம் உள்ள பிற்கால வண்டிக்கு அது தாராளமாகப் பொருந்தும் என்று கிழவரே ஒப்புக்கொண்டார். அந்த ஆறுதல் எனக்குப் போதும். டயரின் பின்னால் 84 என்று ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கவேண்டும் என்றார். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோகிராம் தாங்கும். இந்த இலேசான வண்டிக்கு அது தாராளம். 'எஸ்' என்ற எழுத்து 180 கிலோமீட்டர் வேகம் வரையில், 'எச்' என்பது 210 வரையில். 103 மைல் என்பது சுமார் 166 கிலோமீட்டர். ஆகவே 'எஸ்' போதும். 165-ன் உயரம் கொஞ்சம் கூடுதலானதால் வேகமானி 60 என்னும்போது உண்மை வேகம் 61½ இருக்கும். முன்பு வண்டி பெருமையடித்தது; இனி அடக்கம் காட்டும். போலீஸ்காரரிடம் அகப்படாமலிருக்க மருமகன் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

இந்த அபிமானிகளில் ஒரு கூட்டத்தார், வண்டி பிறந்த அன்றிருந்த குறுக்கிழை டயரையே போடவேண்டும், ரேடியல் போடுவது ஆசாரக்கேடு என்கிறார்கள். பொருட்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அது சரியாயிருக்கலாம். தாயாரை ஏற்றிக்கொண்டு மழையில் போகும் வண்டிக்கு, செய்தவர்களே அனுமதித்த ரேடியலை விட்டுவிட்டு வைதிகம் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பழைய அளவுகளில் டயர் கிடைப்பது அருமை. வாங்குவோர் சிலரே, ஆகவே பெரிய கம்பெனிகள் எப்பொழுதாவது ஒரு முறை வார்க்கின்றன. பிரெல்லி, மிஷெலின் போன்றவர்கள் பழைய வண்டிகளுக்கென்றே பழைய உருவில் செய்து தருகிறார்கள். விலையும் பழமைக்கேற்ற கௌரவத்துடன் இருக்கிறது. கடையில் முதலில் அவனிடம், "அதே அகலத்தில் வேறு டயர் இருக்கிறது, பாதி விலை, இன்றைக்கே மாட்டித் தருகிறோம்" என்றார்களாம். அவன் ரிம் அகலத்தைக் கேட்டான். கடைக்காரர் அளந்து பார்க்கப் போய்த் திரும்பி வந்து, வேறொன்றும் சொல்லாமல் 165-க்கு எழுதிக்கொண்டார். டயர் வந்ததும் பிறந்த வாரத்தைப் பார்த்துத்தான் வாங்கினான். பழைய டயரைக் கழற்றியபோது ஒரு ட்யூபின் மேல் காகிதச் சீட்டின் நாலு மூலையும் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. ஒரு மூலையில் ரப்பர் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துவிட்டது.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அவர்கள் வேல்ஸுக்குப் போனார்கள். மூன்று நாளும் மழையாம். ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்ப முடிகிறது என்று மருமகன் எழுதியிருந்தான். ஸ்டெப்னி வீதியைப் பார்த்தாயா என்று அக்காவை டெலிபோனில் கேட்டேன். அது வேறு திசையாம், போகவில்லையாம். பட்டுத் துணி காற்றில் பறந்துவிட்டது என்றாள்.